லோ பாண்ட் கேட்க ஒரு கையடக்க ஸ்கேனர்: யுனிடென் பி.சி.125ஏ.ரி.

இருவழி வானொலிப் பேச்சுக்கான அதிர்வெண்களுள் 30 முதல் 50 மெகாஹேர்ட்ஸ் வரையான 'லோ பாண்ட்' பகுதியில் நாள்கணக்காக எவரும் பேசாமலிருப்பதே வழமை. ஆகவே அதற்கென ஸ்கேனர், அதாவது பல அதிர்வெண்களை மாறி மாறித் தேடிக் கேட்கும் வானொலி வாங்கி, வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது, அந்த வெறுமையில் இரைச்சலால் எரிச்சலூட்டாமல் காத்திருந்து, யாரேனும் வாய்திறந்தவுடன் பிடித்துத்தரும் திறன் கருவிக்கு உண்டா என்பதையே. யுனிடென் நிறுவனத்தின் பி.சி.125ஏ.ரி. ஸ்கேனரைக் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீட்டிலிருந்து பயன்படுத்தி, இந்த நோக்கிலேயே மதிப்பிடுகிறேன்.

இதன் முதன்மையான தகுதி, 25 முதல் 54 மெகாஹேர்ட்ஸ் வரை இடைவெளியின்றிக் கேட்பது. மலிவாகக் கிடைக்கும் சீனத் தயாரிப்பு வோக்கி டோக்கிகளில் பெரும்பாலானவை லோ பாண்ட் வரை கீழே இறங்குவதில்லை. இதில் 10 தொகுதிகளாகப் பிரிக்கப்பட்ட 500 நினைவிடங்கள் உள்ளன. அரிதாகப் பேசப்படும் அதிர்வெண்களைத் தனித் தொகுதியில் இட்டு, அவற்றில் ஒன்றுக்கு முன்னுரிமை கொடுத்துவிட்டால், வேறு எதைக் கேட்டுக்கொண்டிருந்தாலும் இரண்டு விநாடிக்கு ஒரு முறை கருவி அங்கே எட்டிப்பார்த்துத் திரும்புகிறது. அவ்வேளைகளில் கேட்கும் பேச்சு சற்றே அறுபடுவது சிலருக்குப் பிடிக்காது; எனக்கு அது ஒரு பொருட்டல்ல.

லோ பாண்ட் பற்றிப் பரவலாகப் பகிரப்படும் பட்டியல்கள் பெரும்பாலும் அமெரிக்காவைச் சேர்ந்தவை. அங்கே பொலிசாரும் தீயணைப்புப் படையினரும் நிறைந்திருந்த இப்பகுதியை, நீண்ட அன்டெனாவும் ஓயாத மின் இரைச்சலும் வெகுவாக வெறுமையாக்கிவிட்டன. மலைகளைத் தாண்டியும் குரல் எட்டும் என்பதற்காகக் கலிபோர்னியா நெடுஞ்சாலைப் பொலிசார் போன்றோர் நெடுங்காலம் அதை விடாமல் வைத்திருந்தார்கள். பொலிஸ் பிரிவுகள் தமக்குள் பேச 39.46, தீயணைப்புப் பிரிவுகளுக்கு 45.88, அனர்த்த நிவாரணத்தில் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு 47.42 எனச் சில அதிர்வெண்கள் அவசரகாலத்துக்கென அங்கே ஒதுக்கப்பட்டிருக்கின்றன. சேவைவாரியாக முன்கூட்டியே பதிந்த அதிர்வெண்களைத் தேடும், ஸ்கேனரின் சேவைத் தேடல் வசதியிலுள்ள பொலிஸ், தீயணைப்புப் பிரிவுகளும் அமெரிக்க ஒதுக்கீட்டையே பின்பற்றுகின்றன. அமெரிக்காவிலோ கனடாவிலோ இருக்கும் உறவினர் கொண்டுவந்து தரும் கருவியென்றால், கொழும்பில் அவற்றை அணைத்து வைப்பதே நல்லது.

அமெரிக்காவில் கேட்பவர்களுக்கு ஒரு குறிப்பு: ஒவ்வோர் அலைவரிசையின் அகலத்தையும் குறைக்கச் சொல்லி 2013இல் அங்கு நடைமுறைக்கு வந்த குறும்பட்டை விதி லோ பாண்டைத் தொடவில்லை. எனவே இவ்வதிர்வெண்களுக்குக் கருவியில் வழமையான எப்.எம். முறையையே தெரிவுசெய்ய வேண்டும். குறுகிய என்.எப்.எம். முறையில் குரல் சிதையும்.

உண்மையான சிக்கல் அன்டெனாவில் இருக்கிறது. 40 மெகாஹேர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் 7.5 மீற்றர், அதன் காற்பங்கே ஏறத்தாழ 1.9 மீற்றர் வரும்போது, பெட்டியோடு வரும் ஒரு சாண் இறப்பர் அன்டெனாவிடம் அதிகம் எதிர்பார்ப்பது நியாயமன்று. அன்டெனாவைக் கழற்றி மாட்டும் பி.என்.சி. இணைப்பு இருப்பதால், பலகணியிலிருந்து அளவாக வெட்டிய கம்பியொன்றைத் தொங்கவிட்டுக் கேபிள் மூலம் இணைக்கலாம். இந்தச் சிறு செலவுக்குக் கிடைக்கும் மாற்றம், கருவியை மாற்றினாலும் கிடைக்காது. ஆனால் கம்பி நீண்டதும் நகரத்தின் இரைச்சலும் கூடவே நுழைகிறது. எல்.ஈ.டி. மின்குமிழ்களும் தொலைபேசிச் சார்ஜர்களும் காலி வீதியில் ஓடும் முச்சக்கர வண்டிகளின் தீப்பொறியும், சைகை வராதவரை ஒலியை அடைத்துவைக்கும் ஸ்குவெல்சைத் திறந்துகொண்டே இருக்கும். அதைக் கூட்டினால் மெல்லிய குரல்கள் தொலையும். பேச்சோடு கூடவே அனுப்பப்படும் அடையாளத் தொனியான துணைத்தொனியை அமைத்தால் அமைதி கிடைக்கும், ஆனால் வேறு தொனியுடன் பேசுபவரின் குரல் நமக்குக் கேட்காது. யார் பேசுவார் என்று தெரியாத அதிர்வெண்ணில் துணைத்தொனியைத் தவிர்த்து, வீட்டுச் சார்ஜர்களைக் கழற்றிவைப்பதையே நான் பரிந்துரைப்பேன். பதிவு வசதி இல்லாததால் ஹெட்போன் இணைப்பிலிருந்து ஓர் ஒலிப்பதிவுக் கருவியை இணைப்பது நன்று.

கொழும்பு பூமியின் காந்த நடுக்கோட்டுக்கு அண்மையில் இருப்பதால், சூரியச் செயற்பாடு மிகுந்த ஆண்டுகளில், குறிப்பாகப் பங்குனியிலும் புரட்டாதியிலும், பிற்பகலிலும் மாலையிலும், வானொலி அலைகளை வளைத்துத் திருப்பும் மேல்வளி அடுக்கான அயனமண்டலம் இவ்வதிர்வெண்களை ஆயிரக்கணக்கான கிலோமீற்றர்களுக்கு அப்பாலிருந்து கொண்டுவந்து சேர்க்கும். திடீரெனக் கேட்கும் குரல் பக்கத்துத் தெருவினதாக இருக்க வேண்டியதில்லை. மொழி விளங்காவிட்டால் சந்தேகமே வேண்டாம்.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின்படி வானொலித் தொடர்புக் கருவிக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும்; பொதுமக்களுக்கென அனுப்பப்படாத செய்தியை வேண்டுமென்றே இடைமறிப்பதும் குற்றமே. ஆகவே உள்ளூர் அவசர சேவைகளின் அதிர்வெண் எதையும் இங்கு தரவில்லை, தேடவும் சொல்லமாட்டேன். கருவியைத் தருவிக்குமுன் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடம் கேட்டுக்கொள்வது அவசியம். அமெச்சூர், அதாவது பொழுதுபோக்கு வானொலி, அனுமதிப்பத்திரம் உள்ளவர்களுக்கு 29.6 மெகாஹேர்ட்ஸ் எப்.எம். அழைப்பு அதிர்வெண்ணைக் காத்திருந்து கேட்க இது மிகப் பொருத்தம்.

அவசரகால வானொலிக்காகவே ஒன்று வாங்க நினைப்பவர் மட்டும் நிதானிக்க வேண்டும். 2004 சுனாமியின் பின் தொலைபேசி அறுந்த தென்கரையிலிருந்து கொழும்புக்கு அமெச்சூர்கள் செய்தி கடத்தியது சிற்றலையில். நமது பிராந்தியத்தின் அமெச்சூர் அவசர மைய அதிர்வெண்களுள் ஒன்றும் 7.110 மெகாஹேர்ட்ஸ்தான். இந்த ஸ்கேனர் அவ்வளவு கீழே இறங்காது, அங்கு வழங்கும் ஒற்றைப் பக்கப்பட்டை (எஸ்.எஸ்.பி.) என்ற முறையிலான பேச்சையும் பிரித்துத் தராது. அப்படி வாங்க நினைப்பவர் அதே பணத்தை ஒற்றைப் பக்கப்பட்டை வசதியுள்ள ஒரு சிற்றலை வானொலியில் போடலாம்.