டைரக்ட் அப்பீலா, ஹேபியஸா? கலிபோர்னியாவில் நாங்கள் எடுத்த முடிவு

அமெரிக்காவில் ஒருவருக்குத் தண்டனை விழுந்ததும் ஊரிலிருந்து வரும் முதல் யோசனை, "ஸ்டேட் கோர்ட் சரியில்லை என்றால் ஃபெடரல் கோர்ட்டுக்குப் போங்களேன்" என்பது. எங்களுக்கும் வந்தது. அப்படி ஒரு தேர்வே கிடையாது. மாநில நீதிமன்றம் கொடுத்த தண்டனை அந்த மாநிலத்தின் அப்பீல் கோர்ட்டுக்குத்தான் போகும். ஃபெடரல் மாவட்ட நீதிமன்றம் கொடுத்தது அந்தப் பகுதியின் சர்க்யூட் கோர்ட்டுக்குப் போகும். உண்மையில் தேர்ந்தெடுக்க வேண்டியது வேறு ஒன்று: நேரடியாக மேல்முறையீடு செய்வதா, இல்லை அதை விட்டுவிட்டு, சிறையில் வைத்திருப்பதே சட்டவிரோதம் என்று தனியாகப் போடும் ஹேபியஸ் கார்பஸ் மனுவில் இறங்குவதா?

என் மைத்துனனுக்குக் கலிபோர்னியாவில் ஜூரி முன் நடந்த ஃபெலனி (கடுமையான குற்றம்) வழக்கில் தண்டனை ஆனபோது வீட்டில் ஆளுக்கொரு கட்சி. ஒரு வக்கீல், "அப்பீலெல்லாம் சடங்கு, நேராக ஹேபியஸ் போட்டுவிடலாம்" என்று சொல்லி, அதற்குப் பெரிய தொகையும் கேட்டிருந்தார். நாங்கள் அப்பீலுக்குப் போனோம். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும். நான் வக்கீல் இல்லை. கலிபோர்னியா நடைமுறையைக் கிட்டே இருந்து பார்த்தவன். ஃபெடரல் பக்கம் விதிகளையும் தீர்ப்புகளையும் படித்துத் தெரிந்துகொண்டதுதான்.

செலவை முதலில் முடித்துவிடலாம். கலிபோர்னியாவில் கிரிமினல் அப்பீலுக்குக் கோர்ட் கட்டணம் கிடையாது. வசதியில்லாதவருக்கு முதல் அப்பீலில் அரசு செலவில் வக்கீல் வைத்துத் தந்தாக வேண்டும். 1963-இல் டக்ளஸ் எதிர் கலிபோர்னியா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது இது, எல்லா மாநிலங்களுக்கும் பொருந்தும். ஹேபியஸில் அந்த உரிமை இல்லை என்பது 1987-இல் பென்சில்வேனியா எதிர் ஃபின்லி தீர்ப்போடு உறுதியானது. கலிபோர்னியாவில் மனுவில் விஷயம் இருப்பதாகக் கோர்ட் கருதி, அரசுத் தரப்பிடம் காரணம் கேட்டு உத்தரவு போட்ட பிறகே இலவச வக்கீல் வருவார். மனுவை எழுதும் கஷ்டமெல்லாம் அதற்கு முன்பே முடிந்திருக்கும்.

கெடு அடுத்தது. கலிபோர்னியாவில் ஃபெலனிக்கு 60 நாள், நியூ ஜெர்சியில் 45, டெக்சாஸில் 30. ஃபெடரல் வழக்கில் 14 நாள்தான். தக்க காரணம் காட்டினால் இன்னும் 30 நாள் வரை நீட்டிக்கலாம், ஆனால் அதை நம்பி உட்காரக் கூடாது. இந்தக் கெடுவுக்குள் வாதம் எதுவும் எழுத வேண்டாம். "அப்பீல் செய்கிறேன்" என்று தெரிவிக்கும் சின்னப் படிவம் போதும். கலிபோர்னியாவில் அதன் பெயர் சிஆர்-120. அதைத் தாக்கல் செய்யும் இடம் தண்டனை கொடுத்த அதே கோர்ட், அப்பீல் கோர்ட் அல்ல.

சரி, எங்கள் முடிவைத் தீர்மானித்த விஷயத்துக்கு வருகிறேன்: ரெக்கார்ட், அதாவது விசாரணைக் கோர்ட்டில் பதிவானவை.

நம்மூரில் அப்பீல் என்றால் உயர் நீதிமன்றம் சாட்சியத்தை மறுபடி எடைபோடும். இந்தச் சாட்சியை நம்ப முடியவில்லை என்று சொல்லி விடுதலையும் செய்யும். அந்த நினைப்போடு அமெரிக்க அப்பீலுக்குப் போனால் ஏமாற்றம்தான். நம்புவதும் நம்பாததும் அங்கே ஜூரியின் வேலை. 1979-இன் ஜாக்சன் எதிர் வர்ஜீனியா வகுத்த அளவுகோல் இன்றும் நிற்கிறது: சாட்சியத்தை அரசுத் தரப்புக்குச் சாதகமாகவே வைத்துப் பார்த்தாலும், நியாயமான எந்த ஜூரியும் குற்றவாளி என்று சொல்லியிருக்க முடியாது என்ற நிலை இருந்தால்தான் "சாட்சியம் போதாது" என்ற வாதம் எடுபடும். மற்றபடி மூன்று நீதிபதிகளும் தேடுவது சட்டப் பிழையை. அதையும் காகிதத்தில் இருக்கும் அளவுக்குத்தான் பார்ப்பார்கள். புதுச் சாட்சி, புது ஆவணம் எதற்கும் இடமில்லை.

அந்தக் காகிதம் இரண்டு கட்டாக வரும். ஒன்றில் மனுக்கள், உத்தரவுகள், ஜூரிக்கு நீதிபதி கொடுத்த அறிவுரைகள். இன்னொன்றில் கோர்ட்டில் பேசிய ஒவ்வொரு சொல்லும், வரிக்கு வரி எண் போட்டு. எங்கள் அப்பீல் வக்கீல் இரண்டாவது கட்டைப் படித்த விதத்தைப் பார்த்துத்தான் எனக்கு விஷயமே பிடிபட்டது. சாட்சி என்ன சொன்னார் என்பதில் அவர் அதிகம் நிற்கவில்லை. "அப்ஜெக்‌ஷன், ஹியர்சே" என்று ஒரு வரி, அதன் கீழே "ஓவர்ரூல்டு" என்று ஒரு வரி. பிறர் சொல்லிக் கேட்டது சாட்சியம் ஆகாது என்று நம் வக்கீல் ஆட்சேபித்தார், நீதிபதி ஏற்கவில்லை என்று அர்த்தம். இந்த ஜோடி இருக்கும் இடத்திலெல்லாம் ஒரு மஞ்சள் சீட்டு. அரசு வக்கீல் ஏதோ வரம்பு மீறிக் கேட்டிருக்கிறார், நம் வக்கீல் பேசாமல் இருந்திருக்கிறார் என்றால் அந்தப் பக்கத்தைப் பெருமூச்சோடு தாண்டிப் போனார். அங்கேயே ஆட்சேபிக்காதது பெரும்பாலும் அப்பீலில் செத்த வாதம். ஃபெடரல் கோர்ட்டில் இதற்குப் ப்ளெய்ன் எரர் என்ற சின்ன வாசல் உண்டு. பிழை பளிச்சென்று தெரிய வேண்டும், முடிவைப் பாதித்திருக்க வேண்டும், நீதிமன்றத்தின் நேர்மையையே சந்தேகிக்க வைக்க வேண்டும் என்று நிபந்தனைகள் அடுக்கடுக்காக இருக்கும்.

இன்னொரு வகை வரியும் உண்டு: "பெஞ்ச் அருகே பேச்சு நடந்தது, பதிவு செய்யப்படவில்லை." நீதிபதியும் இரண்டு வக்கீல்களும் அங்கே என்ன பேசினார்களோ, ரெக்கார்டைப் பொறுத்தவரை எதுவும் நடக்கவில்லை. ரெக்கார்டில் ஏதாவது விடுபட்டிருந்தால் சேர்க்கச் சொல்லிக் கேட்க விதி இருக்கிறது. பதிவே ஆகாததை அப்படிச் சேர்ப்பது சுலபமில்லை.

எங்களுக்குக் கைகொடுத்தது ஜூரி அறிவுரை. கூடுதல் தண்டனைக்குரிய அம்சத்தை விளக்கிய வாசகத்தில், அரசு நிரூபிக்க வேண்டிய ஒரு கூறு விடுபட்டிருந்தது. விசாரணை வக்கீல் ஆட்சேபிக்கவில்லை. ஆனாலும் குற்றம் சாட்டப்பட்டவரின் அடிப்படை உரிமையைத் தொடும் அறிவுரைப் பிழையை ஆட்சேபம் இல்லாமலும் பார்க்கலாம் என்று கலிபோர்னியா தண்டனைச் சட்டத்தின் 1259-ஆம் பிரிவு இடம் தருகிறது. அப்புறம் 1967-இன் சாப்மன் எதிர் கலிபோர்னியா விதி: அரசியல் சட்டம் சார்ந்த பிழை என்றால், அது முடிவைப் பாதிக்கவில்லை என்று சந்தேகத்துக்கு இடமின்றிக் காட்டும் பொறுப்பு அரசுடையது. அரசால் முடியவில்லை. குற்றத் தீர்ப்பு நின்றது, கூடுதல் தண்டனை போனது. முழு வெற்றி இல்லைதான். ஆனால் ஒரு குடும்பத்துக்குச் சில வருடங்கள் என்பது பெரிய விஷயம்.

இதே வாதத்தை நேராக ஹேபியஸில் வைத்திருந்தால்? அப்பீலில் எழுப்பியிருக்கக்கூடிய வாதத்தை ஹேபியஸில் கொண்டுவராதே என்பது கலிபோர்னியாவில் 1953-இன் டிக்சன் தீர்ப்பிலிருந்து வரும் தடை. மாநிலக் கோர்ட் அந்தத் தடையைக் காட்டி மறுத்துவிட்டால் ஃபெடரல் கோர்ட்டும் பொதுவாகக் கதவைச் சாத்திவிடும். 2016-இல் ஜான்சன் எதிர் லீ வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை நேரடியாகவே ஏற்றுக்கொண்டது. அப்பீலைச் "சடங்கு" என்று சொன்னவர் எங்களிடம் பேசாமல் விட்ட சங்கதி இதுதான்.

கடிகாரமும் அப்பீல் பக்கமே. 1996-இன் ஃபெடரல் சட்டப்படி, மாநிலத் தண்டனையை எதிர்த்து ஃபெடரல் ஹேபியஸ் போட ஒரு வருடம்தான். தண்டனை இறுதியான நாளிலிருந்து கணக்கு. அப்பீலே செய்யாவிட்டால் அந்த 60 நாள் முடிந்ததுமே வருடம் ஓட ஆரம்பித்துவிடும். அப்பீல் செய்து, கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் வரை போனால், வாஷிங்டனில் உள்ள அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு மனுப் போடக் கொடுக்கும் 90 நாளும் கழிந்த பிறகே ஓடும். இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று: அப்பீல் கோர்ட் தீர்ப்பு வந்து 30 நாளில் அது இறுதியாகும். அடுத்த 10 நாளுக்குள் மாநில உச்ச நீதிமன்றத்துக்கு மனு போயாக வேண்டும். அங்கே எழுப்பாத ஃபெடரல் வாதத்தைப் பிறகு ஃபெடரல் ஹேபியஸில் எடுத்தால், மாநிலக் கோர்ட்டுக்கு வாய்ப்பே தரவில்லையே என்பார்கள்.

ஹேபியஸுக்கு உரிய இடத்தையும் சொல்ல வேண்டும். மைத்துனனின் பெரிய ஆதங்கம், சம்பவ நேரத்தில் அவனோடு இருந்த இரண்டு பேரை வக்கீல் சாட்சிக் கூண்டில் ஏற்றவே இல்லை என்பது. அவர்களை அழைப்பது பற்றிய பேச்சு நடந்தது வக்கீல் ஆபீசில், ரெக்கார்டில் ஒரு வரி கூட இல்லை. அதை அப்பீலில் எடுக்க வழியில்லை. 1984-இன் ஸ்ட்ரிக்லாண்ட் தீர்ப்புப்படி வக்கீலின் வேலை தரக்குறைவாக இருந்தது, அதனால் முடிவு மாறியிருக்க நியாயமான வாய்ப்பு உண்டு என்ற இரண்டையும் காட்ட வேண்டும். அந்த இருவரின் பிரமாண வாக்குமூலம் வேண்டும். அதற்கு ஹேபியஸ்தான் வழி. கலிபோர்னியாவில் அப்பீல் நிலுவையில் இருக்கும்போதே அதே கோர்ட்டில் ஹேபியஸையும் சேர்த்துத் தாக்கல் செய்யலாம். பின்னால் கண்டெடுக்கப்பட்ட புது ஆதாரம், மறைக்கப்பட்ட போலீஸ் அறிக்கை போன்றவையும் இந்தப் பக்கம்தான். ஒரு கண்டிஷன்: ஹேபியஸ் போடும் நாளில் ஆள் சிறையிலோ, பரோலிலோ, புரொபேஷனிலோ (சிறைக்குப் பதிலான நன்னடத்தைக் கண்காணிப்பு) இருக்க வேண்டும். சின்னத் தண்டனை என்றால் காலமே போதாது. அப்பீலுக்கு அந்தத் தொல்லை இல்லை.

ஃபெடரல் தண்டனையில் ஹேபியஸுக்குப் பதில், ஃபெடரல் சட்டத்தின் 2255-ஆம் பிரிவில் போடும் 2255 மனு. தண்டனை கொடுத்த கோர்ட்டிலேயே போட வேண்டும், கட்டணம் இல்லை, கெடு பொதுவாக ஒரு வருடம். அப்பீலுக்கு 605 டாலர், வசதியில்லை என்று காட்டினால் விலக்கு. வக்கீல் சரியில்லை என்ற புகாரை அப்பீலில் எழுப்பாவிட்டாலும் 2255-இல் எழுப்பலாம் என்று 2003-இல் மசாரோ வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். அதனால் அந்த ஒரு புகார் மட்டும்தான் கையில் என்றால் என் சாய்வு கொஞ்சம் தளரும். குற்றத்தை ஒப்புக்கொண்டு அரசுத் தரப்போடு செய்யும் ஃபெடரல் ப்ளீ ஒப்பந்தங்களில் அப்பீல் உரிமையை விட்டுக்கொடுக்கும் வாசகம் சகஜம் என்பதையும் பார்க்க வேண்டும். அப்படிக் கையெழுத்துப் போட்டவர் "அப்பீல் போடுங்கள்" என்று தெளிவாகக் கேட்டும் வக்கீல் போடாவிட்டால் அது வக்கீலின் தவறு என்று 2019-இன் கார்சா எதிர் ஐடஹோ சொல்கிறது. கலிபோர்னியாவில் குற்றத்தை ஒப்புக்கொண்டவர் அந்த ஒப்புதலையே எதிர்ப்பதானால் விசாரணை நீதிபதியிடம் தனிச் சான்றிதழ் வாங்க வேண்டும்.

எச்1பி, கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் கணக்கு. அப்பீல் நிலுவையில் இருக்கும்வரை தண்டனை குடியேற்றச் சட்டத்துக்கு இறுதியானதல்ல என்று 2018-இல் குடியேற்ற அப்பீல் வாரியம் சொன்னது. ஆனால் சர்க்யூட் கோர்ட்டுகள் இதில் ஒருமித்து இல்லை, ஆகவே உங்கள் பகுதி எந்தப் பக்கம் என்று குடியேற்ற வக்கீலிடம் கேளுங்கள். நாடு கடத்தப்படும் ஆபத்தை வக்கீல் சொல்லவே இல்லை என்ற புகாருக்கு 2010-இன் படியா எதிர் கென்டக்கி தீர்ப்பு துணை நிற்கிறது. அது பெரும்பாலும் ரெக்கார்டுக்கு வெளியே நடந்த விஷயம், அப்பீலில் நிற்காது. கலிபோர்னியாவில் தண்டனைக் காலம் முடிந்த பிறகும் அதற்காகப் போகக்கூடிய வழி, தண்டனைச் சட்டத்தின் 1473.7 பிரிவில் போடும் மனு.