என் எல்எல்ஆரில் ஒளிந்திருந்த ஒரு 'ஓ': பைக் உரிமம் எடுக்கப் போகிறவர்கள் கவனிக்க

நான் உரக்கடையில் கணக்கு எழுதுகிறவன். யூரியா மூட்டை நாற்பத்தைந்து கிலோ நிற்கிறதா என்று தராசைப் பார்க்காமல் ஒரு மூட்டையைக்கூட உள்ளே விட்டதில்லை. அப்படிப்பட்டவன், என் பெயரில் வந்த எல்எல்ஆர் என்ற ஒரு பக்கப் பழகுநர் உரிமத் தாளை ஐந்து மாதத்துக்கு மேல் படிக்காமல் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு திரிந்தேன். கொடுத்த பணம் ஐந்தாயிரத்துக்கு மேல். போன காலம் ஆறு மாதம். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் பெயரை இங்கே போடவில்லை. கொடுத்த பணத்துக்கு என்னிடம் ஒரு துண்டு ரசீதுகூட இல்லை. இல்லாததை வைத்துக்கொண்டு பெயரைச் சொன்னால் வம்பு எனக்குத்தான்.

எனக்கு நாற்பத்து மூன்று வயது. இருபது வருடமாக எக்ஸ்எல் வண்டியில் நீடாமங்கலத்துக்கும் வலங்கைமானுக்கும் போய் வந்தவன். உரிமம் என்று ஒன்று வேண்டும் என்ற நினைப்பே இருந்ததில்லை. சரி என்று சொல்லவில்லை, இருந்த நிலையைச் சொல்கிறேன். போன வருடம் பழைய ஸ்ப்ளெண்டர் ஒன்று வாங்கினேன். வாங்கிய மூன்றாம் வாரம் கும்பகோணத்துக்குள் நுழையும் இடத்தில் வண்டியை ஓரங்கட்டச் சொன்னார்கள். உரிமம் இல்லாமல் ஓட்டியதற்கு அபராதம் 5,000 ரூபாய். தமிழ்நாட்டில் 2022 அக்டோபரிலிருந்து இதுதான் தொகை. எனக்கு அது அன்றைக்குத்தான் தெரியும். பேரம் பேசிப் பார்த்தேன். கையில் வைத்திருந்த கருவியைத் திருப்பிக் காட்டினார்கள். அதில் பேரத்துக்கு இடமில்லை.

மறுவாரமே பள்ளிக்குப் போனேன். பள்ளிக்காரர் நன்றாகத்தான் பேசினார். "எல்லாம் சேர்த்து நாலாயிரத்து ஐந்நூறு அண்ணே. நீங்கள் ஒரு நாள் வந்தால் போதும். இதில் கவர்ன்மெண்ட் கட்டணமே மூவாயிரத்துக்கு மேல் போய்விடும்" என்றார். நான் தலையாட்டினேன். உண்மைக் கணக்கு இதுதான்: பழகுநர் உரிமத்துக்கு 150, அதற்கான தேர்வுக்கு 50, ஓட்டிக் காட்டும் தேர்வுக்கு 300, உரிமம் வழங்க 200. ஆகமொத்தம் 700 ரூபாய், சில்லறைச் சேவைக் கட்டணம் தனி. பள்ளிக்கு உழைப்புக் கூலி வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். கூலியைக் கூலி என்று சொல்லி வாங்கியிருந்தால் நான் இந்தப் பதிவை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

நாற்பது வயதைத் தாண்டியவர்கள் மருத்துவச் சான்று வைக்க வேண்டும். படிவம் 1ஏ என்று அதற்குப் பெயர். "அதை நான் பார்த்துக்கொள்கிறேன், ஐந்நூறு கொடுங்கள்" என்றார். கொடுத்தேன். எந்த மருத்துவரும் என் கண்ணைப் பார்க்கவில்லை. என் பார்வை நன்றாக இருக்கிறது என்று கையெழுத்து மட்டும் வந்து சேர்ந்தது. பில் புத்தகத்தைக் கையை நீட்டித் தூரத்தில் வைத்துப் படிக்கிறவன் நான். அந்தத் தாளைப் பார்த்தபோதே எனக்குச் சுருக்கென்றிருக்க வேண்டும்.

அடுத்தது 'கைடு'. நூற்று ஐம்பது ரூபாய். சாலை விதிகள், கேள்வி பதில், சாலைக் குறியீடுகள் எல்லாம் இருப்பதாகச் சொன்னார். வீட்டுக்கு வந்து பிரித்தால் மொத்தமும் ஜெராக்ஸ். கறுப்பு வெள்ளையில் சாலைக் குறியீடு படிப்பதைப் போல் ஒரு வேடிக்கை உலகத்தில் இல்லை. சிவப்பு வளையம் போட்ட வட்டம் என்றால் செய்யாதே. நீல வட்டம் என்றால் இப்படித்தான் போக வேண்டும். ஜெராக்ஸில் இரண்டும் சாம்பல் வட்டம். இடப்பக்கம் திரும்பாதே என்பதா, இடப்பக்கம்தான் திரும்ப வேண்டும் என்பதா? அம்புக்குறிக்கு மேல் ஒரு குறுக்குக்கோடு இருக்கிறதா இல்லையா என்று என் மகள் விளக்குக்கு நேராகத் தாளைப் பிடித்துப் பார்த்தாள். தலைக்கவசம் அணியாததற்கு அபராதம் 100 ரூபாய் என்று அதில் இருந்தது. இப்போது 1,000. அச்சான வருடத்தை மட்டும் கவனமாக வெட்டி எடுத்துவிட்டுப் படி எடுத்திருக்கிறார்கள்.

ஆனாலும் படித்தேன். நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடினால் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று எங்கள் பக்கத்தாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கேட்டில் நின்றே பாதிக் கைடை முடித்துவிட்டேன்.

பள்ளிக்காரருக்கு நான் படித்தது பிடிக்கவில்லை. "எதற்கு அண்ணே கண்ணைக் கெடுத்துக்கொள்கிறீர்கள்? போனுக்கு ஒரு எண் வரும், அதைச் சொல்லுங்கள். தேர்வை இங்கிருந்தே முடித்துவிடலாம்" என்றார். ஆதார் வழியாக விண்ணப்பித்தால் பழகுநர் தேர்வை வீட்டிலிருந்தே இணையத்தில் எழுத முடியும். எழுத வேண்டியவர் நாம் என்பதுதான் அதில் விஷயம். கடையில் டிஏபி உர லாரி வந்து நின்ற நேரம். ஆட்கள் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள், நான் எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணுவதை நிறுத்தாமலே ஓடிபியைப் போனில் சொன்னேன். ஒரு முறை இல்லை, மூன்று முறை. ஆதாருக்கு வரும் ஓடிபியை யாரோ ஒருவருக்குச் சொல்வது வீட்டுச் சாவியைக் கொடுப்பது மாதிரி என்று என் மகள் பிறகு திட்டினாள். மாலையில் நான் எழுதாத தேர்வில் நான் தேறிவிட்டதாகச் செய்தி சொன்னார். மறுநாள் எல்எல்ஆர் தாளைக் கொடுத்தார். அதைத்தான் மடித்துப் பையில் வைத்தேன்.

எல்எல்ஆர் ஆறு மாதம் செல்லும். வாங்கி முப்பது நாள் கழித்து உரிமத் தேர்வுக்குப் போகலாம். செப்டம்பரில் வாங்கியது. அக்டோபரில் கேட்டேன், "தேதி கிடைக்கவில்லை" என்றார். நவம்பரில் மழை. ஜனவரியில் சம்பா அறுவடை, கடையை விட்டு நானே நகர முடியவில்லை. அந்தத் தாமதம் என் கணக்கு. ஆனால் மற்ற மாதங்களில் உண்மையிலேயே தேதி இல்லையா என்று பார்க்க எனக்கு வழியே இல்லை. விண்ணப்பத்தில் கைபேசி எண் என்ற இடத்தில் அவர் தன் எண்ணைப் போட்டிருந்தார். எனக்கு வர வேண்டிய செய்தியெல்லாம் அவருக்குப் போனது. விண்ணப்ப எண்ணும் பிறந்த தேதியும் இருந்தால் அரசின் சாரதி இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் தன் விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம். அந்த எண் என் சட்டைப் பையிலேயே இருந்தது. வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன்.

பிப்ரவரி கடைசியில் ஒரு வழியாகத் தேதி வந்தது. காலையில் வண்டியைத் துடைத்து, சங்கிலிக்கு எண்ணெய் விட்டு, திடலுக்குப் போனேன். எட்டு வரைந்திருந்த இடத்தைச் சுற்றி முப்பது நாற்பது பேர். வேப்பமரத்தடியில் பள்ளிக்காரரின் பழைய ஸ்கூட்டர் நின்றது. ஒருவர் இறங்க அடுத்தவர் ஏற, அந்த ஒரு ஸ்கூட்டரிலேயே பத்துப் பேர் எட்டு போட்டார்கள். இருக்கை கிழிந்து பஞ்சு தெரிந்தது. தலைக்கவசமும் ஒன்றுதான், தலை மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தது. வாடகை ஆளுக்கு முந்நூறு.

என் முறை வந்தது. ஸ்ப்ளெண்டரை உருட்டிக்கொண்டு போனேன். பிரேக் இன்ஸ்பெக்டர் தாளைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். "இது கியர் வண்டி. உங்கள் எல்எல்ஆர் கியர் இல்லாததற்கு" என்றார். எனக்குப் புரியவில்லை. தாளைத் திருப்பி என் பக்கம் நீட்டி, பேனா முனையால் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டினார். வண்டி வகை என்ற இடத்தில் எம்சிடபிள்யூஓஜி என்று ஆங்கில எழுத்துகள் ஐந்து. கியர் உள்ள பைக்குக்கு எம்சிடபிள்யூஜி என்று நான்கு எழுத்துத்தான் இருக்க வேண்டும். நடுவில் ஒரு 'ஓ' கூடுதலாக இருந்தது. அந்த 'ஓ' இருந்தால் ஸ்கூட்டர், எக்ஸ்எல் வரைதான் ஓட்டலாம். அது இல்லாமல் கியர் வண்டிக்கு எடுத்தவர் இரண்டையும் ஓட்டலாம்.

இன்ஸ்பெக்டர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர் தாளில் இருந்ததைச் சொன்னார்.

பள்ளிக்காரர் ஓடி வந்தார். என்னைத் தனியாக அழைத்துக்கொண்டுபோய், "பரவாயில்லை அண்ணே, நம் ஸ்கூட்டரில் ஒரு எட்டு போட்டுவிடுங்கள். கார்டு வந்துவிடும். ரோட்டில் யார் அவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கப் போகிறார்கள்?" என்றார். அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. ஸ்கூட்டரில் கிளட்ச் இல்லை, கியர் இல்லை, யாருக்கும் ஒன்றும் சொல்லித்தர வேண்டாம், வருகிறவர்கள் தேறிவிடுவார்கள், வாடகையும் கிடைக்கும். பைக் ஓட்டுகிறவர் பிறகு மாட்டிக்கொண்டு திரும்பி வந்தால் கியர் வகையைச் சேர்க்க அரசுக்கு 500, மறுபடி எல்எல்ஆர், மறுபடி முப்பது நாள், பள்ளிக்கு மறுபடி ஒரு தொகை. அந்த அட்டையோடு ஸ்ப்ளெண்டரில் போய் எங்காவது இடித்துவிட்டால், காப்பீட்டு நிறுவனம் முதலில் பிடித்துக்கொள்வது அந்த 'ஓ'வைத்தான். நான் ஸ்கூட்டரில் ஏறவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். அடுத்த வாரம் எல்எல்ஆரும் காலாவதியானது.

பணத்தைக் கேட்டேன். "நீங்கள் கியர் வண்டி என்று சொல்லவே இல்லையே" என்றார். நான் முதல் நாள் அவர் வாசலில் நிறுத்தியதே ஸ்ப்ளெண்டர்தான். கடைக்காரர்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போய்ச் சத்தம் போட்ட பிறகு ஆயிரம் ரூபாய் திரும்பியது. "அதுவும் உங்கள் வயதுக்காக" என்றார். என் வயதுக்கு அப்படி ஒரு மரியாதை.

இரண்டாம் முறை நானும் மகளும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நாங்களே விண்ணப்பித்தோம். தள முகவரியில் parivahan என்று இருந்தால் போதாது, முடிவில் அரசுக்குரிய 'ஜிஓவி டாட் இன்' இருக்கிறதா என்று அவள் ஒரு தடவைக்கு இரு தடவை பார்த்தாள். அதே சாயலில் போலித் தளங்கள் உண்டு. வண்டி வகையைத் தேர்ந்தெடுக்கும் கட்டம் வந்தபோது மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நானே தொட்டேன். ஆம், மூக்குக் கண்ணாடி. இந்த முறை உண்மையான மருத்துவரிடம் போனேன். அவர் என்னைப் படிக்கச் சொன்ன இரண்டாவது வரியிலேயே நிறுத்திவிட்டார். இணையம் பழக்கமில்லாதவர்கள் இ-சேவை மையத்துக்குப் போகலாம். எங்கே போனாலும் உங்கள் கைபேசி எண்ணைப் போடச் சொல்லுங்கள், கட்டிய ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள்.

பழகுநர் தேர்வை ஆர்டிஓ அலுவலகத்துக்குப் போய், கணினி முன் உட்கார்ந்து, தமிழில் எழுதினேன். அறுபது சதவீதம் சரியாக இருந்தால் போதும். ஒரு கேள்வியில் சிரிப்பு வந்துவிட்டது: குறுகிய பாலத்தை நெருங்குகிறீர்கள், எதிரே இன்னொரு வண்டி பாலத்துக்குள் நுழையப் போகிறது, என்ன செய்வீர்கள்? அது கடக்கும் வரை காத்திருக்க வேண்டும். வெட்டாற்றிலும் குடமுருட்டியிலும் வாய்க்கால் மதகுகளிலும் இருபது வருடமாக நான் செய்து வந்தது, ஹாரனை அழுத்திக்கொண்டே முதலில் நுழைவது. இன்னொன்றைத் தவறாக எழுதினேன். சிக்னலும் காவலரும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கமிருந்து வரும் வண்டிக்கு வழிவிட வேண்டுமாம். பெரிய வண்டிக்கு வழிவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன். கரும்பு டிராக்டர்கள் கற்றுக்கொடுத்த விதி அது. எல்எல்ஆரை வைத்துக்கொண்டு பைக்கில் பின்னால் ஆள் ஏற்றக்கூடாது, கற்றுக்கொடுப்பவரைத் தவிர என்பதும் படிக்கும்போதுதான் தெரிந்தது. பழைய எல்எல்ஆரோடு மனைவியை எத்தனை முறை வலங்கைமான் கோயிலுக்கு அழைத்துப்போயிருப்பேன்.

இப்போது முப்பது நாள் ஓடிக்கொண்டிருக்கிறது. களத்தில் நெல் இல்லாத நேரம் பார்த்துச் சுண்ணாம்புப் பொடியால் எட்டு வரைந்து பழகுகிறேன். இரண்டாவது வளைவில் முதல் கியரில் கிளட்சைப் பாதி பிடித்துக்கொண்டு போனால் கால் ஊன்றாமல் வந்துவிட முடிகிறது. நேற்று ஒரு முறை ஊன்றினேன்.

இதை எழுதக் காரணம் எதிர்வீட்டுப் பையன். அவனுக்குப் பதினெட்டு முடிந்து இரண்டு மாதம். ஓட்டுவது அப்பாவின் கியர் பைக். அதே பள்ளியில் பணம் கட்டி எல்எல்ஆர் வாங்கிப் பத்து நாள் ஆகிறது என்றான். தாளை எடுத்து வரச் சொன்னேன். விளக்கைப் போட்டு அந்தக் கட்டத்தை விரலால் தொட்டு, அவனையே எழுத்தெழுத்தாகப் படிக்கச் சொன்னேன். நான்காவது எழுத்தில் நின்றுவிட்டான்.