கோடோ 4: பகல்–இரவுச் சுழற்சிக்கு எவ்வளவு கைகொடுக்கிறது?

2023 மார்ச்சில் வெளிவந்த கோடோ 4, எம்ஐடி உரிமத்தின் கீழ் இலவசமாகக் கிடைக்கும் கேம் எஞ்சின், அதாவது வீடியோ கேம்களை உருவாக்கும் மென்பொருள். அதில் பகலையும் இரவையும் மாறி மாறிக் கொண்டுவருவது எளிதா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது, எளிதுதான், ஆனால் சூரியனைச் சுழற்றிவிட்டால் மட்டும் இரவு வந்துவிடாது என்பதே. இடத்தையும் தேதியையும் கொடுத்தால் சூரியனை உரிய கோணத்தில் நிறுத்தும் கருவி அன்ரியல் என்ற மற்றொரு எஞ்சினில் உண்டு. கோடோவில் சூரியனுக்குப் பதிலாக டைரக்ஷனல் லைட் (ஒரே திசையில் ஒளி வீசும் விளக்கு) ஒன்றை வைத்து, அதன் கோணத்தை நாமே நிரலில் மாற்ற வேண்டும்.

வானம் நன்றாகவே ஒத்துழைக்கிறது. பிசிக்கல் ஸ்கை என்ற வான வகையைத் தேர்ந்தெடுத்தால், சூரியன் இறங்க இறங்க அடிவானம் சிவந்து மெல்ல இருள்வது தனியாக ஒரு வரி நிரல்கூட எழுதாமல் கிடைத்துவிடுகிறது. இந்த எஞ்சினில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

சிக்கல் பொழுது சாய்ந்த பிறகுதான் தொடங்குகிறது. வெளியே கும்மிருட்டு, வீட்டுக்குள் தரையும் கண்ணாடியும் நண்பகல்போல் மினுங்கும். பெரும்பாலும் இதற்குக் காரணம், சுற்றுப்புறத்தைப் பதிந்து பளபளப்பான பரப்புகளில் பிரதிபலிப்பாகக் காட்டும் ரிஃப்ளெக்ஷன் ப்ரோப்: அதன் அப்டேட் மோட் இயல்பில் 'ஒன்ஸ்' (ஒருமுறை மட்டும்) என்றிருப்பதால், காட்சி தொடங்கியபோது பதிந்த ஒளியையே இரவெல்லாம் காட்டிக்கொண்டிருக்கும். 'ஆல்வேஸ்' (எப்போதும்) என்று மாற்றினால் சரியாகும், ஆனால் வேகம் வெகுவாகக் குறையும்; ஆகவே விளையாட்டின் நேரக்கணக்குப்படி அவ்வப்போது ப்ரோபை இம்மியளவு நகர்த்தி, அதைப் புதிதாகப் பதியவைப்பதையே நான் பரிந்துரைப்பேன். லைட்மேப்பில் பேக் செய்த, அதாவது முன்கூட்டியே கணக்கிட்டுப் படமாகப் பதித்துவைத்த ஒளிக்கு அந்த வழியும் கிடையாது. அங்கே எஸ்டிஎஃப்ஜிஐ (பரப்புகளில் பட்டுப் பரவும் ஒளியை விளையாட்டு ஓடும்போதே கணக்கிடும் முறை) பொருந்தும், ஆனால் அது ஃபார்வர்டு பிளஸ் என்ற ரெண்டரரில் (காட்சியைத் திரையில் வரையும் பகுதியில்) மட்டுமே இயங்குவதால் மொபைல் ரெண்டரரை நம்பியிருப்பவர்களுக்கு உதவாது.

அடிவானத்துக்குக் கீழே போன சூரிய விளக்கு தானாக அணைவதில்லை, கீழிருந்து மேல்நோக்கி ஒளி வீசிக்கொண்டே இருக்கும் என்பதால், அதன் எனர்ஜியை, அதாவது ஒளியின் வலிமையை, படிப்படியாகச் சுழியத்துக்குக் கொண்டுவர வேண்டும். நிலவுக்கென்று இரண்டாவது விளக்கு வைப்பவர்கள் அதன் ஸ்கை மோடை 'லைட் ஒன்லி' (ஒளி மட்டும், வானத்தைப் பாதிக்காது) என்று அமைப்பது அவசியம். பிசிக்கல் ஸ்கை ஒரே ஒரு சூரியனைத்தான் அறியும், நிலவைச் சூரியனாக எடுத்துக்கொண்டால் நள்ளிரவில் வானம் வெளுத்துவிடும்.

வானத்திலிருந்து எங்கும் பரவும் சுற்றொளி, வானத்துக்குப் பின்தங்கி மாறினால், அந்த ஒளியைக் கணக்கிடும் விதத்தைத் தீர்மானிக்கும் ஸ்கையின் ப்ராசஸ் மோடைப் பாருங்கள். 'இன்கிரிமென்டல்' பல ஃபிரேம்களில் பரப்பிக் கணக்கிடுவதால் மெதுவாக நகரும் பொழுதுக்கு ஏற்றது. வேகமான சுழற்சிக்கு 'ரியல்டைம்' தேவை, அதற்கு ரேடியன்ஸ் அளவு (வானொளியைப் பதியும் படத்தின் அளவு) 256 ஆக இருந்தாக வேண்டும்.

நிழல்களில்தான் கோடோ இன்னும் வளர வேண்டும். சூரியன் இடைவிடாமல் நகரும்போது நிழலின் விளிம்புகள் ஊர்வது கண்ணை உறுத்துகிறது. நிழல் எவ்வளவு தூரம் வரை தெரிய வேண்டும் என்று சொல்லும், இயல்பில் 100 ஆக உள்ள மேக்ஸ் டிஸ்டன்ஸைக் குறைத்தும், சூரியனைச் சிறுசிறு படிகளாக நகர்த்தியும் இதை ஓரளவு அடக்கலாம். சூரியனும் நிலவும் ஒரே நேரத்தில் நிழல் வீழ்த்தினால், நிழல்களைப் பதிய ஒதுக்கிய இடத்தை இரண்டும் பங்கிட்டுக்கொண்டு தெளிவு குறையும் என்பதால், அந்தியில் ஒன்றன் நிழலை அணைத்த பிறகே மற்றதன் நிழலை இயக்க வேண்டும்.