வலையா, முள் பட்டையா, சாய்வுப் பலகையா? ஜன்னலோரப் புறாக்களை நோகாமல் அனுப்ப எது நல்லது

பொழுது விடியும் முன்பே தொடங்கிவிடும். படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே, ஏசியின் வெளிப்பெட்டி மேல் ஒரு ஜோடிப் புறா. ஆண் புறா கழுத்தை உப்பிக்கொண்டு வட்டமடித்துக் குனுகும். அடியில் இருக்கும் தகரம் அந்த ஒலியை வாங்கி அறைக்குள் அனுப்பும். ஓராண்டு பொறுத்துப் பார்த்தேன். பிறகு வலை கட்டினேன். எட்டு மாதம் கழித்து அதை அவிழ்த்துவிட்டு, பறவை நிற்க முடியாதபடி சரிவாகப் பொருத்தும் சாய்வுப் பலகைக்கு மாறினேன். அடுத்த கட்டடத்தில் கம்பி முட்கள் வரிசையாக நிற்கும் முள் பட்டை என்ன ஆனது என்பதையும் தினமும் பார்த்துவருகிறேன். என் சார்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பறவை உட்காருவது குறுகலான விளிம்பு என்றால், என் ஓட்டு சாய்வுப் பலகைக்குத்தான்.

மற்றவற்றைச் சுருக்கமாக முடித்துவிடலாம். பளபளக்கும் நாடா, பழைய குறுந்தகடு, பிளாஸ்டிக் ஆந்தை எல்லாம் சில நாள் பயம் காட்டும். அசையாத ஆந்தை எதுவும் செய்யாது என்று புறா விரைவிலேயே புரிந்துகொள்ளும். மனிதக் காதுக்கு எட்டாத ஒலியால் பறவையை விரட்டுவதாகச் சொல்லி விற்கும் கருவியை வாங்கவே வேண்டாம். நமக்கு ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும்; பெரும்பாலான பறவைகளுக்கு 10,000 ஹெர்ட்ஸுக்கு மேல் கேட்பது அரிது. நமக்கே கேட்காத ஒலி புறாவை எப்படித் துரத்தும்? ஒட்டும் பசை கொடுமையானது. சிறிய பறவைகளின் இறகில் அது அப்பிக்கொண்டால் அவற்றால் பறக்க முடியாது. அதை நான் ஒரு தேர்வாகவே எண்ணவில்லை.

எதைப் பொருத்துவதாக இருந்தாலும் முதலில் கூட்டைப் பாருங்கள். புறாவின் கூடு என்பது பத்திருபது குச்சியும் ஒரு துண்டுக் கம்பியும்தான். குப்பை என்று நினைத்துத் தள்ளிவிட வாய்ப்பு உண்டு. வழக்கமாக இரண்டு முட்டை இடும். குஞ்சு பொரிக்க 18 நாள் அளவில் ஆகும். பொரித்த குஞ்சு பறந்துபோக இன்னும் நான்கைந்து வாரம். எங்கள் பெட்டியின் மேல் இரண்டு முட்டைகள் இருந்ததால் ஏழு வாரம் காத்திருந்தேன். மஞ்சள் மயிர் உதிரும் குஞ்சுகளைப் பார்த்தபின் அந்தக் காத்திருப்பு பாரமாக இல்லை. ஆனால் குஞ்சுகள் பறந்த கையோடு வேலையை முடித்துவிட வேண்டும், ஏனென்றால் தாய்ப்புறா அதே இடத்தில் அடுத்த முட்டைக்கு ஆயத்தமாகிவிடும். எச்சத்தை உலர்ந்தபடி பெருக்காதீர்கள். அதன் தூளில் நுரையீரலைத் தாக்கும் பூஞ்சைகள் இருக்கக்கூடும். நன்றாக நனைத்து, முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு வழித்தெடுங்கள்.

முள் பட்டை பார்ப்பதற்குக் கொடூரமாகத் தெரிந்தாலும், முனை மழுங்கிய நல்ல பட்டை பறவையைக் குத்துவதில்லை. கால் வைக்க இடம் தராமல் இருப்பதே அதன் வேலை. சிக்கல் பராமரிப்பில்தான். சருகும் காகிதமும் கம்பிகளுக்கிடையே மாட்டிக்கொள்ளும். அதன் மேல் புறா நாலு குச்சியைப் போட்டால் மெத்தை தயார். அடுத்த கட்டடத்தின் வெயில் மறைப்பில் அப்படித்தான் ஆனது. முள்ளே கூட்டைக் காற்றில் பறக்காமல் பிடித்து வைத்திருக்கிறது. நெதர்லாந்தின் ராட்டர்டாமிலும் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப்பிலும் காகமும் அதன் இனத்தைச் சேர்ந்த மேக்பை என்ற பறவையும் இந்த முள் பட்டைகளைக் கொண்டே கூடு கட்டியிருப்பதை 2023-இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். நான் சொந்தமாக முள் பட்டை பொருத்தியதில்லை. மாதம் ஒருமுறை கைக்கு எட்டித் துடைக்கக்கூடிய இடத்தில் அது ஒழுங்காக வேலை செய்யலாம். எட்டாத உயரத்தில் வேண்டாம் என்பேன்.

வலை பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலோர் முதலில் போவது அங்கேதான். ஒழுங்காகக் கட்டிய நாள் முதல் புறா உள்ளே வராது, பலன் உடனடி. புறாவுக்கு 50 மில்லிமீட்டர் வலைக்கண் போதும். சிட்டுக்குருவி நடமாடும் இடமானால் 20 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே நுழைந்த குருவி வெளியேற வழி தெரியாமல் மோதிக்கொண்டிருக்கும். புற ஊதாக் கதிரைத் தாங்கும்படி செய்த பாலிஎதிலீன் வலை வெயிலில் நன்றாகவே உழைக்கும்.

ஆனால் வலையை மாட்டும் கொக்கிகள்? எங்கள் வலையின் மேல் மூலையில் ஒரு பிளாஸ்டிக் கொக்கி வெயிலில் நொறுங்கியிருந்தது. நாங்கள் கவனிக்கவில்லை. வலை ஒரு சாண் அளவு தொய்ந்து பை போலத் தொங்கியது. ஒரு காலை, குனுகலுக்குப் பதிலாகப் படபடப்பு. புறாவின் ஒரு கால் தொய்ந்த கண்ணுக்குள் போய், துடிக்கத் துடிக்க நூல் மூன்று சுற்று இறுகியிருந்தது. துண்டால் தலையையும் சிறகையும் மூடியதும் அடங்கியது. நகவெட்டியின் முனையால் ஒவ்வொரு நூலாக வெட்டினேன். செந்நிறக் காலில் வெள்ளையாக ஒரு தடம். என் விரலுக்கடியில் அதன் நெஞ்சு ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. விட்டதும் பறந்துபோனது. நான் வீட்டில் இல்லாத நாளாக இருந்தால் அது அங்கேயே செத்திருக்கும்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே கேள்விதான் முக்கியம்: நான் கவனிக்க மறந்தால் இந்தத் தடுப்பு பறவைக்கு என்ன செய்யும்? விலை, அழகு, பொருத்தும் நேரம் எல்லாம் அதற்குப் பிறகே. மறந்துபோன வலை பொறியாகிவிடும். மறந்துபோன முள் பட்டை கூட்டுக்கு அடித்தளமாகிவிடும். சாய்வுப் பலகையை மறந்தாலும் அது சாய்வாகவே இருக்கும். சிக்க நூல் இல்லை, குச்சியைப் பிடித்து வைக்கக் கம்பி இல்லை. எச்சமும் சருகும்கூட மழையில் வழுக்கிக் கீழே போய்விடும்.

செய்வது எளிது, ஆனால் இரண்டு மூன்று இடங்களில் தவறினால் பயனில்லை. சாய்வு 45 பாகைக்குக் குறையவே கூடாது. நான் 60 வைத்தேன். மேற்பரப்பு வழவழப்பாக இருக்க வேண்டும். முதலில் சொரசொரப்பான மரப்பலகையை வைத்துப் பார்த்தபோது, புறா நகத்தை ஊன்றி நின்றுகொண்டது. அதன்மேல் அலுமினியத் தகடு அடித்ததும் கால் வழுக்கியது. பலகையின் இரு பக்கத்திலும் முக்கோண இடைவெளி வரும். அதை அடைக்காமல் விட்டால் பலகைக்கு அடியில் அருமையான கூட்டறையை நாமே கட்டிக் கொடுத்ததாகிவிடும். அடைக்கும் முன் உள்ளே பறவை இல்லை என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஏசி பெட்டியென்றால் மேல்பக்கத்தை மட்டும் மறையுங்கள். விசிறி இருக்கும் முகப்பையும் காற்று இழுக்கும் பின்பக்கத்தையும் மூடினால் கருவி சூடேறும். காற்றில் பெயராதபடி திருகாணி போட்டு முடுக்குங்கள், ஒட்டுநாடாவை நம்பாதீர்கள்.

பொருத்திய முதல் வாரம் அந்த ஜோடி விடாமல் வந்தது. இறங்கும், வழுக்கும், சிறகடித்து எழும். பழகிய இடத்தைப் புறா எளிதில் விடாது என்பதால் இதற்குத் தயாராக இருங்கள். இரண்டாம் வாரத்தில் எதிர்க்கூரைக்குப் போய்விட்டது. இரண்டு ஆண்டாகத் திரும்பவில்லை.

சாய்வுப் பலகைக்கு எல்லை உண்டு. திறந்த பால்கனி, அகலமான மாடம், மேல்கூரையின் உட்பக்கம் போன்ற இடங்களுக்கு வலைதான் ஒரே வழி. அப்படியானால் நான்கு ஓரமும் எஃகுக் கம்பி இழுத்து, உலோகக் கொக்கியில் மாட்டுங்கள். உள்ளங்கையால் அழுத்தினால் வலை உடனே திரும்பி விறைக்க வேண்டும். மாதம் ஒருமுறையும் பலத்த காற்றுக்குப் பின்னும் மூலைகளைப் பாருங்கள். இதற்கு நேரம் ஒதுக்க முடியாதவர் வலை கட்டக் கூடாது என்று உறுதியாகவே சொல்வேன்.

அருகில் யாராவது தானியம் இறைத்துக்கொண்டிருந்தால் எந்தத் தடுப்பும் பாதிப் பலன்தான். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் பல ஆண்டுகள் புறாக்களைக் கொன்றும் எண்ணிக்கை குறையவில்லை. 1988-இல் தொடங்கி, இரை போடுவதை நிறுத்தும்படி மக்களிடம் எடுத்துச்சொன்ன பிறகு நான்கைந்து ஆண்டுகளில் ஏறக்குறைய பாதியாயின.

மாலையில் மரத்தில் கூடி இரைச்சலிடும் மைனாக்களுக்கு மேலே சொன்ன எதுவும் உதவாது. அடர்ந்த இலைக்குள் ஒடுங்குவதே அவற்றுக்குப் பிடிக்கும். கூடு இல்லாத பருவம் பார்த்து உள்கிளைகளைக் கழித்து வெளிச்சம் விட்டால் கூட்டம் குறையும் என்பார்கள். ஒரே ஒரு மரத்தில்தான் நான் அதைச் செய்திருக்கிறேன். பாதிப் பறவைகள் போயின; மீதி இன்னும் அங்கேயே அடைகின்றன. படுக்கையறையிலிருந்து எட்டத்தில் இருக்கும் மரம் என்பதால் அதற்குமேல் கத்தரிக்கவில்லை.