மேவிஸ் 350 நைலான் காக்: யாருக்குப் போதும், யாருக்குப் போதாது

பாட்மின்டனுக்குப் புதிதாக வருபவரைத் தயங்க வைப்பது மட்டை விலை அல்ல, காக் செலவு. மட்டை ஒருமுறை வாங்கினால் வருடக்கணக்கில் ஓடும். இறகு காக் அப்படியா? ஓங்கி அடிக்கும் நால்வர் சேர்ந்தால் ஒரு மேட்சுக்கே இரண்டு மூன்று காலி. யோனெக்ஸின் மேவிஸ் 350 கைகொடுப்பது இங்கேதான். டப்பாவுக்கு ஆறு, பொழுதுபோக்காக ஆடுபவர்களுக்கு ஒரே காக் பல நாள் தாங்கும்.

வாங்கும்போது தக்கையைச் சுற்றியுள்ள பட்டையின் நிறத்தைப் பாருங்கள். பச்சை மெதுவானது, நீலம் நடுத்தரம், சிவப்பு வேகமானது. சூடான காற்றுக்கு அடர்த்தி குறைவு, காக் தூரம் போகும். அதனால் மதுரை, வேலூர் கோடைக்குப் பச்சை, மற்ற மாதங்களுக்கு நீலம். சிவப்பு நம் சமவெளிக்கு ஆகாது. ஊட்டியில் குளிர் வேகத்தைக் குறைக்கும், உயரம் கூட்டும். அங்கே அடித்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அடித்துப் பார்க்க விதியே வழி சொல்கிறது. பின்கோட்டின் மேல் நின்று, கீழிருந்து மேலாக முழு வீச்சில், பக்கக் கோட்டுக்கு இணையாக அடியுங்கள். எதிர்ப்பக்கப் பின்கோட்டுக்கு 530 முதல் 990 மி.மீ. முன்னால் விழுந்தால் வேகம் சரி. டேப் தேவையில்லை. இரட்டையர் சர்வீஸ் கோடு பின்கோட்டிலிருந்து 760 மி.மீ. தள்ளி இருக்கிறது, அதற்கு முன்னும் பின்னும் ஒரு சாண் அளவுக்குள் விழுந்தால் சரி.

குறை பறக்கும் விதத்தில் இருக்கிறது. 16 இறகுகள் கொண்ட காக் அடித்தவுடன் சீறும், பிறகு சட்டென்று வேகமிழந்து செங்குத்தாக இறங்கும். நைலான் அவ்வளவு வேகம் இழக்காமல் சற்றுத் தட்டையாகவே போய் விழும். ஸ்மாஷில் அதன் கூடு (தக்கையிலிருந்து பாவாடை போல விரியும் நைலான் பகுதி) நசுங்கி விரிய ஒரு கணம் கூடுதலாகப் பிடிக்கும். நெட் அருகே இறகு காக் உருண்டு புரளும். நைலான் உடனே நிமிர்ந்துகொள்வதால் எதிராளிக்குச் சுலபம். இதிலேயே வருடக்கணக்கில் பழகிய பிள்ளை மாவட்டப் போட்டியில் இறகு காக்கை எதிர்கொண்டால் கிளியர் (பின்கோடு வரை உயர்த்தி அடிப்பது) பாதியில் விழும், டிராப் (நெட்டைத் தாண்டியதும் விழும்படி மெல்லத் தட்டுவது) நெட்டில் மாட்டும். 2024 பாரிஸ் பாராலிம்பிக்ஸில் தமிழ்நாட்டு வீராங்கனைகள் துளசிமதி, மனிஷா, நித்யஸ்ரீ வென்ற மூன்று பதக்கங்களும் இறகு காக்கில் ஆடி வந்தவைதான்.

தேய்மானம்: கூடு தக்கையோடு சேரும் இடத்தில்தான் முதலில் விரிசல் விடும். மட்டையின் சட்டத்தில் பட்டால் ஒரே அடியில் கூட்டின் நரம்பு அறும். மேலே தட்டிவிட்டு, பறக்கும்போது தள்ளாடுகிறதா பாருங்கள். தள்ளாடினால் மேட்சுக்கு ஆகாது. வெயிலில் நிற்கும் காரில் விட்டால் கூடு கோணிப்போகும்.

பள்ளிகளுக்கு எங்கள் பரிந்துரை: முதல் ஆறு மாதம், பிடியும் கால் நகர்வும் படியும்வரை, முழுக்க மேவிஸ். பிறகு வாரத்தில் ஒரு நாளாவது இறகு. அதற்குப் புது டப்பா வேண்டியதில்லை. கிளப்புகளில் இறகு ஒன்றிரண்டு ஒடிந்ததும் ஒதுக்கிவிடுவார்கள், கேட்டால் தருவார்கள். நெட் பயிற்சிக்கும் மல்டி ஷட்டிலுக்கும் (பல காக்குகளை அடுத்தடுத்துப் போட்டு அடிக்க வைக்கும் பயிற்சி) அவை தாராளமாகப் போதும். காய்ந்த இறகு சீக்கிரம் ஒடியும் என்பதால், முந்தைய இரவே டப்பாவின் இரண்டு மூடியையும் திறந்து ஈரப்பதமுள்ள குளியலறையில் வைத்துவிடுங்கள். ஏசி அரங்கில் ஆடுபவர்கள் இதைத் தவற விடக் கூடாது.