கிர் சிங்கமா, செரெங்கெட்டி சிங்கமா?

சிங்கங்கள் கூடி வாழும் முறையை நேரில் காண விரும்பி, காரைக்குடியிலிருந்து குடும்பத்தோடு கிளம்பத் திட்டமிட்டபோது எங்கள் முன் இருந்தவை இரண்டு இடங்கள்: குஜராத்தின் கிர், தான்சானியாவின் செரெங்கெட்டி. கிரையே தேர்ந்தோம். செலவும் தொலைவும் எவரும் அறிந்த காரணங்கள்.

இரண்டு இடங்களிலும் கூட்டத்தின் அடித்தளம் பெண்களே. தாயும் மகளும் பெரியம்மாவும் பிறந்த மண்ணிலேயே தங்கிவிட, ஆண் குட்டிகள் இரண்டு மூன்று வயதில் வெளியேறிவிடும். நம் வழக்கத்துக்கு நேர் எதிர்.

வேறுபாடு வளர்ந்த ஆண்கள் எங்கே வாழ்கின்றன என்பதில்தான் இருக்கிறது. செரெங்கெட்டியில் வரிக்குதிரை, காட்டெருமை போன்ற பெரிய இரைகள் கிடைப்பதால், ஆண்கள் பெண்களின் கூட்டத்தோடு சேர்ந்திருந்து அவற்றின் வேட்டையிலும் பங்கு கொள்கின்றன. கிரில் முதன்மையான இரை புள்ளிமான்; அது பலருக்குப் பங்கிடப் போதாது. ஆகவே ஆண்கள் தமக்குள் இரண்டு மூன்றாகக் கூட்டுச் சேர்ந்து தனியே திரிகின்றன. இணைசேரவோ பெரிய இரை விழுந்தாலோதான் பெண்களிடம் வருகின்றன. எங்கள் பக்கம் மணமான மகனை ‘வேறு வைத்து’, ஒரே வீட்டில் தனி உலையும் தனிப் புள்ளியுமாக்குவது, அதாவது தனிக் குடும்பமாகக் கணக்கிடுவது, நினைவுக்கு வந்தது. உவமை முழுதும் பொருந்தாது. இங்கே உலை பிரிவது ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே.

இந்தப் பிரிவின் விளைவு குட்டிகளிடம் தெரிகிறது. செரெங்கெட்டியில் புதிய ஆண்கள் கூட்டத்தைக் கைப்பற்றினால் முந்தையவற்றின் குட்டிகளைக் கொன்றுவிடுவதுண்டு. தாய்கள் ஏறக்குறைய ஒரே காலத்தில் ஈன்று, குட்டிகளைப் பொதுவில் பாலூட்டிக் காப்பது இதற்கும் ஓர் அரண். கிரில் ஒரு பெண் பல கூட்டணிகளின் ஆண்களோடு இணைசேர்வதால், எந்த ஆணும் குட்டியைத் தனதல்ல என்று ஒதுக்க முடியாமல் போகிறது. குட்டிக்கொலை அங்கு அறவே இல்லை என்று இதற்குப் பொருளில்லை. ஆயினும் சண்டையால் அன்றி, தந்தை யாரென்ற ஐயத்தால் குட்டியைக் காக்கும் இந்த நுட்பமே என்னைக் கிர் பக்கம் சாய்த்தது.

நான்கு சஃபாரிகளில் நான் கண்டது சிறிது: நீர்த்தொட்டியருகே குட்டிகளோடு இரண்டு பெண்கள், வேறொரு நாள் தேக்கு நிழலில் இரண்டு ஆண்கள். சேர்ந்து ஒருமுறையும் காணவில்லை. செரெங்கெட்டியைப் பற்றி எழுதியது, 1960களில் ஜார்ஜ் ஷாலரும் 1978 முதல் கிரெய்க் பேக்கரும் செய்த ஆய்வுகளின் வழி படித்தறிந்ததே. பிடரி ஆணும் பெண்களும் குட்டிகளும் ஒரே பார்வையில் வேண்டுவோர்க்கு அந்தத் திறந்த புல்வெளியே ஏற்றது. கிருக்குச் செல்வோர் ஜூன் 16 முதல் அக்டோபர் 15 வரை பூங்கா மூடியிருக்கும் என்பதை நினைவில் கொள்ளவும். கோடை விடுமுறையில் போனால் வெயில் கடுமை, ஆனால் நீர்நிலையருகே சிங்கம் தென்பட வாய்ப்பு கூடுதல்.