பிரேஸுக்குள் மூச்சு: இரண்டு வருட அனுபவம்

நண்பர் ஒருவரின் மகளுக்கு முதுகுத்தண்டு வளைவு 30 டிகிரியாம், பிரேஸ் (உடம்பைச் சுற்றிப் பட்டையால் இறுக்கும் கெட்டிப் பிளாஸ்டிக் கூடு) போடச் சொல்லிவிட்டார்கள். "மூச்சு முட்டுமா?" என்று கேட்டார். என் மகள் இரண்டு வருடமாக அதற்குள்தான் இருக்கிறாள். முட்டும். ஆபத்தில்லை, ஆனால் முட்டும்.

மூச்சை இழுத்தால் வயிறு முன்னால் வரவேண்டும், விலா விரியவேண்டும். பிரேஸ் இரண்டையும் பிடித்துவைக்கிறது. அதனால் மூச்சு மேலே, தோளுக்குப் பக்கத்தில் போய் ஒண்டிக்கொள்கிறது. முதல் வாரம் அவள் சும்மா உட்கார்ந்திருந்தபோதுகூடத் தோள் ஏறி ஏறி இறங்கியது. மாடிப்படியில் பாதியில் நின்றுவிடுவாள். சாப்பிட்டதும் பட்டையைத் தளர்த்தச் சொல்லிக் கெஞ்சுவாள். தளர்த்தினால் அப்புறம் பிரேஸ் எதற்கு? ஊதிப் பார்க்கும் சோதனையில் பிரேஸோடு அளவு குறைந்தது, கழற்றியதும் பழையபடி வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

ஒரு விஷயத்தை மட்டும் பாராட்டியே ஆகவேண்டும். உள்ளே ஒரு பக்கம் பேட் அழுத்தும், அதற்கு எதிர்ப்பக்கம் காலி இடம் விட்டிருப்பார்கள். அளவு தப்பிப்போய்விட்டது என்றே நினைத்தேன். பள்ளமாகிப்போன விலா மூச்சோடு அங்கே வந்து நிரம்புவதற்காகத்தான் அந்த இடமாம். பிசியோதெரபிஸ்ட், முதுகு வளைவுக்கென்றே இருக்கும் ஷ்ராத் முறை மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். ஒரு ராத்திரி அந்த இடைவெளியில் இரண்டு விரலை விட்டு, "இதைத் தள்ளு பாப்போம்" என்றேன். மூன்றாவது மூச்சில் பனியனோடு விலா வந்து விரல் நுனியில் இடித்தது. இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

அவள் வளர்ந்ததும் இரண்டாவது பிரேஸ் செய்தார்கள். அதில் அந்த இடமே பாதியாகிவிட்டது. விரல் நுழையவில்லை. செய்தவரிடம் சொன்னால் "பழகிடும்". மறுபடி போனோம், "பழகிடும்". மூன்றாம் தடவை நானே அவர் கையைப் பிடித்து உள்ளே விடச் சொன்ன பிறகுதான் சூடு காட்டி வெளியே தள்ளிக் கொடுத்தார். அந்த ஒரு வார்த்தைமேல் இருக்கிற கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வளைவு? 31 இருந்தது, இப்போது 33. எக்ஸ்ரேயில் ஐந்து டிகிரிக்குள் வந்தால் கூடியதாகக் கணக்கில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 2013இல் வெளியான பெரிய ஆய்வில், தினம் சராசரியாக 12.9 மணி நேரமாவது போட்டவர்களில் பத்தில் ஒன்பது பேர் அறுவை சிகிச்சை அளவுக்குப் போகவில்லை. எங்கள் கணக்கு 16 மணி நேரம். ஆக, வேலை செய்கிறது. ஆனாலும் நல்ல சாமான் என்று என் வாயால் சொல்லமாட்டேன்.

நண்பருக்குச் சொன்னது இதுதான்: பிரேஸ் வாங்கும் அன்றைக்கு அங்கேயே பட்டையை முழுதாக இறுக்கி, பிள்ளையை அரைமணி உட்காரவைத்து, படி ஏறவும் விடுங்கள். உள்ளே விரலை விட்டுப் பாருங்கள். இடிக்காவிட்டால் வீட்டுக்கு எடுத்துப்போகாதீர்கள்.